ஐந்தொகையில் எழுதப்படாத முதல்

வியாபாரம் மந்தமாகும்போது நம்மவர்கள் முதலில் எதில் கை வைக்கிறார்கள்? கடை வாடகையில் கை வைக்க முடியாது. அது கட்டட உரிமையாளர் சொல்லும் தொகை. மின்சாரப் பட்டியலில் கை வைக்க முடியாது. வங்கித் தவணையில் கை வைக்கவே முடியாது. எஞ்சியிருப்பது சம்பளப் பட்டியல் ஒன்றுதான். ஆகவே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, யாருக்கு அதிகம் கொடுக்கிறோம் என்று மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம். பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பது, பதினைந்து இருபது வருடங்களாகக் கடையில் நிற்கும் மூத்த சேல்ஸ்மனுடைய பெயர்.

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. அந்த நாட்களில் புறக்கோட்டையில் மட்டுமல்ல, கண்டியிலும் காலியிலும் கல்முனையிலும் இப்படிப் பல பெயர்கள் சம்பளப் பட்டியலில் இருந்து வெட்டப்பட்டன. வேறு வழியில்லாமல் வெட்டியவர்களும் உண்டு. ஆனால் 'இவனுடைய சம்பளத்துக்கு இரண்டு சின்னப் பொடியன்களை வைக்கலாம்' என்று கணக்குப் போட்டு வெட்டியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இது பிழையான கணக்கு என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக, இதே கணக்கைப் போட்ட ஒரு பெரிய கம்பனியின் வரலாற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முடிவெட்டும் கடையில் கேட்ட செய்தி

அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர் ரிச்மண்ட். 1949ஆம் ஆண்டு சாமுவேல் வேர்ட்செல் என்ற நியூயோர்க் வியாபாரி விடுமுறைப் பயணமாக அங்கு சென்றிருந்தார். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது, அமெரிக்காவின் தென் பகுதியின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் இந்த ஊரில் வந்திருக்கிறது என்று நாவிதர் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டவர் வியாபாரி அல்லவா? நிலையம் வந்தால் பெட்டி வேண்டும், பெட்டி வேண்டுமென்றால் கடை வேண்டும் என்று அவருடைய மனம் கணக்குப் போட்டது. குடும்பத்தோடு ரிச்மண்டுக்கே குடிபெயர்ந்து கடையைத் திறந்தார்.

கடைக்கு வார்ட்ஸ் என்று பெயர் வைத்தார். வேர்ட்செல் என்ற குடும்பப் பெயர், மகன் அலன், மனைவி ரூத், இன்னொரு மகன் டேவிட், தன் பெயர் சாமுவேல் ஆகிய ஐந்தின் முதல் எழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். நம்மூரிலும் 'அன் சன்ஸ்' என்று பலகை போடுவோமே, அதே மனப்பாங்குதான்.

அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது சாதாரண குடும்பத்துக்குப் புதிய பொருள். எப்படி இயக்குவது, அன்டெனாவை எங்கே வைப்பது, பழுதானால் யாரிடம் போவது என்று எதுவும் தெரியாது. ஆகவே பெட்டியை விற்பவன் வெறும் விற்பனையாளன் அல்ல, சொல்லிக்கொடுப்பவனும்கூட. வார்ட்ஸ் ஊழியர்கள் பெட்டியை வீட்டுக்கே கொண்டு சென்று இயக்கிக் காட்டினார்கள். தவணை முறையிலும் கொடுத்தார்கள். 1959ஆம் ஆண்டாகும்போது ரிச்மண்டில் நான்கு கடைகள் இருந்தன. 1961இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள்.

1960களில் கம்பனி பல திசைகளில் காலை வைத்தது. வெவ்வேறு நகரங்களில் சிறிய கம்பனிகளை வாங்கியது. மற்றவர்களுடைய பெரிய கடைகளுக்குள் வாடகைக்கு இடம் எடுத்துத் தொலைக்காட்சிப் பிரிவுகளை நடத்தியது. அகலக் கால் வைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சட்டத்தரணியான மூத்த மகன் அலன் வேர்ட்செல் 1970களின் ஆரம்பத்தில் பொறுப்பேற்றபோது கம்பனி வங்குரோத்தின் விளிம்பில் நின்றது.

மகன் செய்த வேலை

அலன் வேர்ட்செல் செய்த முதல் வேலை, தேவையற்ற கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியதுதான். பிறகு, நமக்கு எது நன்றாக வரும் என்று யோசித்தார். 1970களின் நடுப்பகுதியில் ரிச்மண்டில் ஒரு களஞ்சியத்தைப் போன்ற பெரிய காட்சியறையைத் திறந்தார். தொலைக்காட்சி, ஸ்டீரியோ, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வாங்கிய பொருளை அன்றே எடுத்துச் செல்லலாம். இந்த முறை வெற்றி பெற்றது. 1981 முதல் இதே அமைப்பில் சர்கிட் சிட்டி என்ற பெயரில் பெரிய கடைகளை நகரம் நகரமாகத் திறந்தார்கள். 1984இல் கம்பனியின் பெயரே சர்கிட் சிட்டி என்று மாறியது.

அந்தக் கடைகளின் பலம் என்ன? விலையும் தெரிவும் மற்றவர்களிடமும் இருந்தன. சர்கிட் சிட்டியின் விசேஷம் பயிற்சி பெற்ற விற்பனை ஊழியர்கள். கொமிஷன் முறையில் வேலை செய்தவர்கள். நன்றாக விற்பவன் நன்றாகச் சம்பாதித்தான். ஆகவே திறமைசாலிகள் வருடக்கணக்காக அங்கேயே தங்கினார்கள். வீடியோ ரெக்கோடரில் எது நல்லது, எந்த ஸ்பீக்கர் எந்த அளவு அறைக்குப் பொருந்தும் என்று அவர்களிடம் கேட்டு வாங்குவதற்காகவே வாடிக்கையாளர் வந்தார்கள்.

அலன் 1986இல் தலைமைப் பொறுப்பைக் கைமாற்றினார். கம்பனி தொடர்ந்து வளர்ந்தது. 2001இல் ஜிம் கொலின்ஸ் என்பவர் 'குட் டு கிரேட்' என்ற பிரபலமான நூலை வெளியிட்டார். சாதாரண நிலையில் இருந்து மிகச் சிறந்த நிலைக்கு உயர்ந்த 11 அமெரிக்கக் கம்பனிகளை அதில் தெரிவு செய்திருந்தார். சர்கிட் சிட்டி அவற்றில் ஒன்று. 1982இல் இருந்து 15 வருடங்களில் அதன் பங்குகள் கொடுத்த வருமானம் பொதுவான பங்குச் சந்தை வருமானத்தைப் போல 18.5 மடங்கு. அந்தப் பதினொன்றிலும் இதுவே அதிகம். உலகமெங்கும் முகாமைத்துவ மாணவர்கள் சர்கிட் சிட்டியை உதாரணமாகப் படித்தார்கள்.

அந்த நூல் வெளிவந்து எட்டு வருடங்கள் முடிவதற்குள் சர்கிட் சிட்டியின் கடைசிக் கடையும் மூடப்பட்டுவிட்டது.

இலாபம் மறைத்த நோய்

ஒரு கம்பனி ஒரே நாளில் விழுவதில்லை. புகழின் உச்சியில் இருந்தபோதே நோய் தொடங்கிவிட்டது.

இலத்திரனியல் சாதன வியாபாரத்தில் பொருளில் கிடைக்கும் இலாபம் குறைவு. மேலதிக உத்தரவாதம் விற்பதில் கிடைக்கும் இலாபம் அதிகம். அதாவது, உற்பத்தியாளர் கொடுக்கும் உத்தரவாதம் முடிந்த பிறகும் இன்னும் சில வருடங்களுக்குப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று தனிப் பணம் வாங்குவது. சர்கிட் சிட்டியின் இலாபத்தில் இதற்குப் பெரிய பங்கு இருந்தது. கொமிஷனுக்கு வேலை செய்யும் ஊழியன் இயல்பாகவே அதைத் தள்ளி விற்கப் பார்ப்பான். அறிவைக் கேட்க வந்த வாடிக்கையாளருக்கு அழுத்தம் கிடைக்கத் தொடங்கியது.

இதை ஒரு போட்டியாளர் கவனித்தார். மினசோட்டா மாநிலத்தில் 1966இல் ரிச்சர்ட் ஷுல்ஸி என்பவர் தொடங்கிய சிறிய ஸ்டீரியோ கடை, 1983இல் பெஸ்ட் பை என்று பெயர் மாறியிருந்தது. 1989இல் பெஸ்ட் பை கொமிஷன் முறையைக் கைவிட்டது. பொருட்களை வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்துத் தாமே எடுக்கும்படி அடுக்கியது. மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர் கேட்டால் மட்டும் வந்து விளக்கம் சொன்னார். பொருள்களை விளங்கிக்கொண்டுவிட்ட புதிய தலைமுறைக்கு இது பிடித்தது. 1990களின் நடுப்பகுதியில் விற்பனையில் பெஸ்ட் பை சர்கிட் சிட்டியை முந்தியது.

முந்தப்பட்டவர் என்ன செய்தார்? கைவசம் இலாபம் வந்துகொண்டிருந்ததால் அவசரம் தெரியவில்லை. 1993இல் பாவித்த கார் விற்கும் கார்மக்ஸ் என்ற புதிய தொழிலைத் தொடங்கினார்கள். அது நல்ல தொழில்தான். 2002இல் தனிக் கம்பனியாகப் பிரிந்து இன்றும் நன்றாக நடக்கிறது. டிவிக்ஸ் என்ற ஒருவகை வீடியோ டிஸ்க் திட்டத்தில் இறங்கி 1999இல் பெரும் நட்டத்தோடு கைவிட்டார்கள். மூத்த பிள்ளையான கடையைப் பார்க்க நேரமும் பணமும் குறைந்தன. கடைகள் பழசாகின. போட்டியாளர் நல்ல சந்திகளில் இடம் பிடித்தபோது, இவர்கள் நீண்ட காலக் குத்தகையில் பழைய இடங்களிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். 2000ஆம் ஆண்டு குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் விற்பதையே நிறுத்தினார்கள். அந்தப் பொருட்களில் அவர்கள் நாட்டிலேயே இரண்டாவது பெரிய விற்பனையாளராக இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வெட்டப்பட்ட 3,400 பேர்

2003இல் சர்கிட் சிட்டியும் கொமிஷன் முறையை ஒழித்தது. முறையை மாற்றியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பதினான்கு வருடம் பிந்தினாலும் அது சரியான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் மாற்றிய விதத்தைப் பாருங்கள். அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த சுமார் 3,900 விற்பனை ஊழியர்களை ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். அதாவது, யார் அதிகம் விற்றார்களோ அவர்களை. அழுத்தித் தள்ளும் பழக்கத்தை மாற்றி அந்த அறிவை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி தேடியிருக்கலாம். அவர்கள் பழக்கத்தோடு சேர்த்து அறிவையும் வீசினார்கள்.

2007 மார்ச் 28இல் இரண்டாவது வெட்டு விழுந்தது. ஒவ்வொரு வேலைக்கும் சந்தையில் என்ன சம்பளம் என்று ஓர் அளவைத் தலைமையகம் நிர்ணயித்தது. அந்த அளவுக்கு மேலே வாங்கிய சுமார் 3,400 பேர் வேலையில் இருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் களவு செய்யவில்லை, வேலை தெரியாதவர்களும் அல்ல. சம்பளம் கூடியிருந்தது என்பது மட்டுமே குற்றம். சம்பளம் கூடியது ஏன்? வருடக்கணக்காக நின்றதனால், நன்றாகச் செய்ததனால். அவர்களுடைய இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் புதியவர்களை எடுத்தார்கள். நீக்கப்பட்டவர்கள் விரும்பினால் பத்து வாரங்களுக்குப் பிறகு குறைந்த சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள்.

விளைவைக் காண அதிக காலம் பிடிக்கவில்லை. அவ்வருடம் மே மாதத்துடன் முடிந்த காலாண்டில் கம்பனிக்கு 54.6 மில்லியன் டொலர் நட்டம். 2008 பெப்ரவரியில் முடிந்த முழு வருடத்துக்கும் நட்டம் சுமார் 320 மில்லியன் டொலர். தட்டையான பெரிய தொலைக்காட்சிகள் வேகமாக வந்துகொண்டிருந்த காலம் அது. எல்சிடி எது, பிளாஸ்மா எது, எது தன் வீட்டுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் மக்கள் குழம்பிக் கடைக்கு வந்தார்கள். விளக்கம் சொல்லத் தெரிந்தவன் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்றது நேற்று வந்த பொடியன்.

இன்னொன்றும் நடந்தது. நட்டம் ஏறிக்கொண்டிருந்த அதே 2007இன் இறுதியில், உயர் அதிகாரிகள் கம்பனியை விட்டுப் போய்விடாமல் இருக்கப் பெருந்தொகைகளை வழங்க முடிவெடுத்தார்கள். அனுபவத்துக்குப் பெறுமதி உண்டு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மேல் மாடியில் தெரிந்தது, கவுண்டரில் தெரியவில்லை.

பணமே இல்லாததனால்தான் ஊழியர்களை அனுப்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2003 முதல் 2007 வரை தங்களுடைய பங்குகளைத் தாங்களே திருப்பி வாங்குவதற்குச் சர்கிட் சிட்டி செலவழித்த தொகை கிட்டத்தட்ட ஒரு பில்லியன் டொலர். பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்க இருந்த பணம், கடையைப் புதுப்பிக்கவும் ஊழியரைத் தக்கவைக்கவும் இருக்கவில்லை.

கடைசி அடி யார் கொடுத்தது?

2008 நவம்பர் 10ஆம் திகதி சர்கிட் சிட்டி நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நமது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் இங்கே இருக்கிறது. நீதிமன்றத்துக்குக் கொடுத்த கணக்கின்படி கம்பனியின் சொத்துகள் 3.4 பில்லியன் டொலர். கடன்கள் 2.3 பில்லியன் டொலர். ஐந்தொகையின்படி பார்த்தால் கடனைக் கழித்த பிறகும் ஒரு பில்லியனுக்கு மேல் மீதி இருக்கிறது! அப்படியானால் ஏன் விழுந்தது?

பொருள் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள், அதனால்தான். சில்லறை வியாபாரம் என்பது பெரும்பாலும் கடனுக்கு எடுத்த சரக்கில் ஓடுவது. நவம்பரும் டிசம்பரும் அமெரிக்காவில் பெருநாள் வியாபாரக் காலம். அதற்கு முன் களஞ்சியம் நிறைய வேண்டும். ஆனால் நட்டக் கணக்குகளைப் பார்த்த விநியோகஸ்தர்கள் கடன் எல்லையைக் குறைத்தார்கள், முற்பணம் கேட்டார்கள். வங்குரோத்துக் கோரிய நாளில் எச்.பி. கம்பனிக்கு மட்டும் சுமார் 119 மில்லியன் டொலரும், சம்சுங் கம்பனிக்குச் சுமார் 116 மில்லியன் டொலரும் கொடுக்க வேண்டியிருந்தது. நம்பிக்கை போன பிறகு 3.4 பில்லியன் சொத்து ஒரு லொறிச் சரக்கைக்கூடக் கொண்டு வரவில்லை.

கம்பனியை வாங்குவதற்கு ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2009 ஜனவரி 16இல் எஞ்சியிருந்த 567 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். 30,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். மார்ச் 8ஆம் திகதி கடைசிக் கடையின் கதவு சாத்தப்பட்டது. முடிவெட்டும் கடையில் தொடங்கிய கதை அறுபது வருடங்களில் முடிந்தது. அலன் வேர்ட்செல் பின்னர் 2012இல் இதை ஒரு நூலாக எழுதினார். 'குட் டு கிரேட்' என்ற பழைய புகழ் நூலின் பெயரோடு 'டு கோன்', அதாவது இல்லாமற் போனது, என்ற சொற்களைச் சேர்த்துத் தன் நூலுக்குத் தலைப்பிட்டார். தந்தை நட்டதைத் தான் வளர்த்து, அது வெட்டப்பட்டதையும் கண்ட ஒருவரின் தலைப்பு அது.

ஊழியர்களை அனுப்பியதால் மட்டும்தான் சர்கிட் சிட்டி விழுந்தது என்று நான் வாதிடவில்லை. 2008இன் உலகப் பொருளாதார நெருக்கடி இருந்தது. இணைய வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தது. மோசமான இடங்களில் நீண்ட குத்தகைகள் இருந்தன. ஆனால் அதே நெருக்கடியும் அதே இணையமும் பெஸ்ட் பைக்கும் இருந்தன. அது நின்றது, இது விழுந்தது. வித்தியாசம் எங்கே என்று தேடினால், ஐந்தொகையில் எழுதப்படாத இரண்டு முதல்களில் வந்து நிற்கிறேன். ஒன்று, கவுண்டரில் நிற்பவனுடைய அறிவு. மற்றது, சரக்குக் கொடுப்பவனுடைய நம்பிக்கை. முதலாவதை விற்றுக் காசாக்கப் பார்த்தார்கள். அது நட்டமாக வந்து, இரண்டாவதையும் கொண்டுபோய்விட்டது.

அதே தெருவில் இன்னொரு கடை

பெஸ்ட் பைக்கும் சோதனைக் காலம் வந்தது. 2012ஆம் ஆண்டாகும்போது, மக்கள் அதன் கடைக்கு வந்து பொருளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் அமேசனிடம் வாங்கினார்கள். அடுத்த சர்கிட் சிட்டி இதுதான் என்று பலர் எழுதினார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் ஹியூபர்ட் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் தலைமை நிறைவேற்று அதிகாரியாக வந்தார். இலத்திரனியல் கடை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. ஆகவே முதல் நாட்களில் மினசோட்டாவில் ஒரு கிளைக்குப் போய், ஊழியர்களோடு நின்று, அவர்களிடமே பாடம் கேட்டார். ஊழியர்களுக்கு முன்பு இருந்து பிறகு குறைக்கப்பட்ட விலைக் கழிவைத் திருப்பிக் கொடுத்தார். அமேசன் என்ன விலைக்குக் கொடுக்கிறதோ அதே விலைக்கு நாமும் கொடுப்போம் என்று அறிவித்தார். விலை ஒன்றென்றால் பிறகு வித்தியாசம் என்ன? கடையில் விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறான் என்பதுதான்.

விநியோகஸ்தர்களிடமும் போனார். சம்சுங் போன்ற கம்பனிகளுக்குக் கடைக்குள்ளேயே தனிப் பகுதிகள் ஒதுக்கினார். கடை பிழைத்தால் அவர்களுக்கும் இலாபம் என்ற நிலையை உண்டாக்கினார். செலவைக் குறைக்கவில்லையா? குறைத்தார், பெருமளவில் குறைத்தார். தலைமையகத்தில் ஆட்குறைப்பும் நடந்தது. ஆனால் ஆட்குறைப்பு என்பது வரிசையில் கடைசியாக வர வேண்டியது என்பது அவருடைய கொள்கை. போக்குவரத்தில் உடையும் தொலைக்காட்சிகள், திருப்பிக் கொண்டுவரப்படும் பொருட்கள், வீணாகும் செலவுகள் ஆகியவற்றை முதலில் தேடச் சொன்னார். 2019இல் அவர் பொறுப்பைக் கைமாற்றியபோது பங்கு விலை பல மடங்கு உயர்ந்திருந்தது. பெஸ்ட் பை குற்றமற்ற கம்பனி என்று நான் சொல்லவில்லை. 2021இல் அதுவும் சுமார் 5,000 ஊழியர்களை நிறுத்தியது. ஆனால் உயிர் ஊசலாடிய நேரத்தில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நம் கடைத்தெருவின் கணக்கு

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான ஊழியர் எங்கே, நாலு பேர் நிற்கும் நம் கடை எங்கே? நான் சொல்வேன், நாலு பேர் நிற்கும் கடைக்கே இது அதிகம் பொருந்தும். நாலில் ஒருவன் போனால் கடையின் அறிவில் கால்வாசி அல்ல, சில வேளை முக்கால்வாசி போய்விடும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மூத்த சேல்ஸ்மனை அனுப்பிவிட்டுப் புதியவனை எடுப்பதால் மாதம் 25,000 ரூபா மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மூன்று இலட்சம். இப்போது கவுண்டரைப் பாருங்கள். 150,000 ரூபா தொலைக்காட்சியில் பத்து வீதம் இலாபம் என்றால் 15,000 ரூபா. புதியவனுக்கு விளக்கம் சொல்லத் தெரியாததால் மாதத்தில் இரண்டே இரண்டு வாடிக்கையாளர்கள் 'பிறகு வாறேன்' என்று திரும்பிப் போனால், வருடத்துக்கு 24 பேர், 360,000 ரூபா. மிச்சப்படுத்தியது போக 60,000 ரூபா நட்டம். மிச்சம் சம்பளப் புத்தகத்தில் தெளிவாகத் தெரியும். திரும்பிப் போனவர்களுக்கு ஒரு புத்தகமும் இல்லை. இதனால்தான் முதலாளிமார் ஏமாறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். இருபது வருடமாக நின்ற ஒருவரை நெருக்கடி நேரத்தில் அனுப்பினார்கள். அவர் நாலு கடை தள்ளி இன்னொரு இடத்தில் சேர்ந்தார். வெளியூரில் இருந்து மொத்தமாக எடுக்க வரும் வியாபாரிகள் பழைய கடைக்கு வந்து, "நானா எங்கே?" என்று கேட்டார்கள். இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு அங்கேயே போய்விட்டார்கள். அந்த வியாபாரிகளுடைய டெலிபோன் இலக்கங்களும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் சொன்ன நாளில் காசு தருவார் என்ற விபரங்களும் கடையின் புத்தகத்தில் இருக்கவில்லை. அவருடைய தலையில் இருந்தன.

மறுபக்கத்து நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. சம்பளத்துக்கு மேலே சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி கட்ட வேண்டும். விற்பனை பாதியாக விழுந்த மாதத்தில் இந்தத் தொகை நெஞ்சை அடைக்கும். "கையில் இல்லாததை எங்கிருந்து கொடுப்பது ஹாஜியார்?" என்று கேட்பவரிடம் தத்துவம் பேசிப் பயனில்லை. அவருக்கு நான் சொல்வது மூன்று விடயங்கள்.

முதலாவது, வெட்டும் வரிசையை மாற்றுங்கள். அசையாமல் தூங்கும் ஸ்டொக், தேவையில்லாத இரண்டாவது கிளை, வீட்டுச் செலவுக்காகக் கல்லாவில் இருந்து எடுக்கும் பணம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு சம்பளப் பட்டியலுக்கு வாருங்கள். முதலாளி தன் பங்கைக் குறைத்தார் என்று தெரிந்தால், கொஞ்சக் காலம் குறைத்து வாங்கிக்கொள்ள ஊழியரும் சம்மதிப்பார். அவரைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். பேசாமல் கடிதம் கொடுப்பதுதான் மனிதரை முறிக்கிறது.

இரண்டாவது, மூத்தவருக்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு சிறு பங்கு வையுங்கள். ஆனால் பங்கு கடையின் மொத்த இலாபத்தில் இருக்கட்டும், தள்ளி விற்கும் ஒவ்வொரு பொருளிலும் அல்ல. வாடிக்கையாளர் தலையில் வேண்டாததைக் கட்டினால் இன்றைக்கு இலாபம், நாளைக்கு ஆள் வரமாட்டார் என்பதைச் சர்கிட் சிட்டியின் உத்தரவாதக் கதை சொல்கிறது. அத்தோடு, அவருக்கு உதவியாக ஒரு சிறியவரை நிறுத்தி, அறிவு ஒரு தலையில் இருந்து இன்னொரு தலைக்குப் போக வழி செய்யுங்கள்.

மூன்றாவது, சரக்குக் கொடுப்பவரிடம் ஒளிக்காதீர்கள். கடனுக்குத் தந்த சரக்கு ஓர் அமானிதம். 2022இல் காசோலை திரும்பிய பின்னர் டெலிபோனை நிறுத்திவைத்தவர்கள் உண்டு. காசோலை திரும்பும் முன்னரே நேரில் போய், 'முழுதும் முடியாது, வாரத்துக்கு இவ்வளவு தருவேன்' என்று சொல்லி, சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. இறக்குமதி மீண்டும் திறந்தபோது யாருக்கு முதலில் கடனுக்குச் சரக்குக் கிடைத்தது என்பது கடைத்தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

நெருக்கடி எத்தனை முறை வந்தாலும் போகும். போன பிறகு கடையைத் திறந்து வைத்திருப்பவருக்கு வேண்டியவர்கள் இரண்டே பேர்: கடனை நம்பிச் சரக்கு அனுப்புபவர் ஒருவர், அந்தச் சரக்கை விளக்கிச் சொல்லி விற்கத் தெரிந்தவர் ஒருவர். இந்த வருட இறுதிக் கணக்கைக் கணக்காளர் கொண்டுவந்து வைக்கும்போது, கையொப்பம் இடும் முன்னர், அந்த இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் உங்கள் முதல் பத்திரமாக இருக்கிறது. எழுத முடியாவிட்டால், ஐந்தொகை எவ்வளவு இலாபம் காட்டினாலும் யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.